மலைநாட்டு வியாபாரமும் மலசலகூடக் குழியும்

வியாபாரப் பக்கத்தில் இதை எழுதலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். சீனி விலை, டொலர் விலை, வங்கி வட்டி, வரி என்று எழுதும் இடத்தில் மலசலகூடத்தைப் பற்றி எழுதினால் வாசகர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கம்தான். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வீதியில் கடை வைத்திருக்கும் எந்தச் சகோதரரிடம் பேசினாலும், சீசன் வந்தால் முதலில் சொல்லும் தலையிடி இதுதான். சாமான் தட்டுப்பாடு என்றால் கொழும்புக்கு ஒரு கோல் எடுத்து லொறி ஏற்றலாம். குழி நிரம்பினால் என்ன செய்வது?

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று நுவரெலியாவுக்கு ஏறுவது ஏ-7 வீதி. பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறுவது ஏ-5 வீதி. ஏப்ரல் மாதம் நுவரெலியா வசந்த காலத்துக்கு இந்த இரண்டு வழியாலும் நாடே மலையேறுகிறது. காத்தான்குடியிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் பேருவளையிலிருந்தும் வேன் கட்டிக்கொண்டு நம்மவர்கள் வருகிறார்கள். டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாதமலை யாத்திரை. ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா, நல்லதண்ணி என்று இரவு பகலாகப் பஸ் ஓடும். ஆதம் மலை என்று நாம் சொல்லும் அந்த மலைக்கு 1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா ஏறிப் போன செய்தியை நம் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிறார்கள். இவற்றோடு வெளிநாட்டு உல்லாசப் பயணிகளும் சேர்கிறார்கள். 2024ஆம் ஆண்டில் மாத்திரம் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களில் மலைநாட்டைப் பார்க்காமல் போகிறவர்கள் குறைவு.

இத்தனை பேரும் நான்கைந்து மணித்தியாலம் குளிரில் வளைந்து வளைந்து ஏறி வருகிறார்கள். சிறு பிள்ளைகள், நீரிழிவு உள்ள வயதானவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் அந்த வாகனங்களில் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் தேடுவது தேநீரை அல்ல.

பூட்டுப் போட்ட கதவு

ஏ-7 வீதியோரம் தேநீர்க்கடையும் பேக்கரியும் வைத்திருக்கும் ஒரு சகோதரரைச் சென்ற சீசனில் சந்தித்தேன். கடைக்குப் பின்னால் நல்ல மலசலகூடம் இரண்டு கட்டியிருக்கிறார். இரண்டிலும் பூட்டு.

"என்ன தம்பி, கட்டிப்போட்டுப் பூட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பூட்டாம என்ன செய்றது நானா? ஒரு பஸ் நின்டா ஐம்பது பேர் எறங்குறாங்க. தேத்தண்ணி குடிக்கிறது பத்துப் பேர். குழி நெரம்பி ஓடினா பீ.எச்.ஐ. வந்து என்னத்தான் கேப்பாரு, பஸ்ஸ கேக்க மாட்டாரு" என்றார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் பூட்டுப் போட்டதால் அந்த ஐம்பது பேருடைய தேவை இல்லாமல் போய்விடவில்லை. அடுத்த வளைவில் பஸ் நிற்கிறது. ஆண்கள் தேயிலைப் பற்றைக்குள் போகிறார்கள். பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள். காலையில் அந்த மலையில்தான் தோட்டத்துப் பெண்கள் கொழுந்து பறிக்க இறங்க வேண்டும். மழை பெய்தால் அது பீலிக்கு வருகிறது. பீலித் தண்ணீர்தான் கீழே உள்ள லயத்துக்குக் குடிநீர்.

பாதையிலும் நிழலிலும் மக்கள் தண்ணீர் எடுக்கும் இடத்திலும் அசுத்தம் செய்வதை நமது மார்க்கம் சாபத்துக்குரிய காரியமாக எச்சரித்திருக்கிறது. அதைச் செய்கிறவனுக்கு எச்சரிக்கை என்றால், வேறு வழியில்லாமல் செய்ய வைக்கிற ஊருக்கும் அதில் ஒரு பொறுப்பு இருக்கத்தானே வேண்டும்?

கனடாவில் ஒரு முறை

இந்த விஷயத்தில் கனடாவின் சின்ன ஊர்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை நம் வியாபாரிகள் அறிந்துகொள்வது நல்லது. அங்கே அல்பேர்ட்டா, சஸ்கச்சவான், மனிடோபா என்று மூன்று மாகாணங்கள் கோதுமை விளையும் சமவெளிகள். ஊருக்கும் ஊருக்கும் இடையில் நீண்ட தூரம் வெறும் வயல். கோடையில் அங்குள்ளவர்கள் வீடு போல அமைத்த வாகனத்தில் குடும்பத்தோடு சுற்றுலா போகிறார்கள். படுக்கை, சமையல், குளியல், மலசலகூடம் எல்லாம் வாகனத்துக்குள்ளேயே இருக்கும். வாகனத்தின் அடியில் இரண்டு தாங்கிகள். ஒன்றில் மலக்கழிவு, மற்றதில் கழுவிய தண்ணீர். ஒரு குடும்பம் சில நாட்கள் பாவித்தால் தாங்கி நிரம்பிவிடும். அதை வயலில் திறந்துவிட முடியாது, சட்டம் விடாது. ஆகவே எங்கே இறக்குவது என்று பார்த்துப் பார்த்துத்தான் பயணத்தையே திட்டமிடுகிறார்கள்.

அதற்காக அங்கே சின்ன ஊர்களிலும் கழிவு இறக்கும் இடம் அமைத்திருக்கிறார்கள். எரிபொருள் நிலையத்தின் ஒரு மூலையில் இருக்கும், அல்லது ஊர்ச் சபை நடத்தும் கூடார முகாமில் இருக்கும். சீமெந்துத் தளத்தின் நடுவில் மூடியோடு ஒரு குழாய் வாய், பக்கத்தில் கழுவுவதற்கு ஒரு தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான். சில இடங்களில் சில டொலர்கள் கட்டணம், சில இடங்களில் இலவசம், சில இடங்களில் விரும்பியதைப் போட ஒரு உண்டியல். பனிக்காலத்தில் குழாய் உறைந்துவிடும் என்பதால் பல இடங்களை மூடிவிடுவார்கள். இறக்கிய கழிவு ஊரின் கழிவுக் குளத்துக்குப் போகும். ஊருக்கு வெளியே வெட்டிய அகன்ற குளங்களில் மாதக் கணக்கில் தேங்கி, வெயிலாலும் கிருமிகளாலும் தானாகச் சுத்தமாகும் முறை அது. செலவு குறைந்த முறை.

இதை ஏன் சில ஊர்கள் இலவசமாகச் செய்கின்றன? தர்மம் மட்டும் காரணம் அல்ல. கழிவை இறக்க வாகனத்தை நிறுத்துகிறவர் அங்கேயே எண்ணெய் அடிப்பார், பாண் வாங்குவார், பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்குவார். நெடுஞ்சாலையில் நிற்காமல் போக இருந்தவரை ஊருக்குள் திருப்புவது அந்தக் குழாய் வாய்தான். சின்ன ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

நமது நாட்டில் அப்படியான வாகனங்கள் மிகக் குறைவு. நமக்கு வருவது வேனும் பஸ்ஸும். அங்கே தாங்கியை இறக்கத் தேடுகிறார்கள், இங்கே ஆட்களையே இறக்கத் தேடுகிறார்கள். ஆனால் கணக்கு ஒன்றுதான். நிற்க இடம் கொடுத்த ஊரில்தான் பணம் இறங்கும்.

குழியின் கணக்கு

மலசலகூடம் கட்டுவது சுலபம். அதன் குழிதான் கஷ்டம். நம்மில் பலர் நல்ல தரை ஓடும் கொமட்டும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். குழியை மாத்திரம் மேசனுடைய விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

இலங்கையில் குழாய் வழியாகக் கழிவு போகும் வீடுகள் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். மற்ற எல்லோருக்கும் குழிதான். முறையான குழி என்றால் முதலில் கசியாத ஒரு தாங்கி, அதற்குப் பிறகு தண்ணீரை மண்ணுக்கு விடும் உறிஞ்சு குழி. தாங்கியில் கழிவு அடியில் படிய வேண்டும். படிந்ததைக் கிருமிகள் தின்ன வேண்டும். மேலே தெளிந்த தண்ணீர் மாத்திரம் வெளியே போக வேண்டும். அதற்குக் கழிவு குறைந்தது ஒரு நாளாவது தாங்கியில் அசையாமல் நிற்க வேண்டும்.

இப்போது ஒரு சீசன் ஞாயிற்றுக்கிழமையை எடுங்கள். 20 பஸ், பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் 1000 பேர். ஊற்றுவது, கழுவுவது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 8 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 8000 லீற்றர். கடைக்காரரின் தாங்கி வீட்டுக்குக் கட்டுவது போல 2500 லீற்றர் என்றால், உள்ளே போன கழிவு எட்டு மணித்தியாலம்கூட நிற்காமல் வெளியே தள்ளப்படும். படிவதற்கு நேரம் இல்லை. கலங்கிய கழிவு அப்படியே உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணை அடைத்துவிடும். மண் அடைபட்ட பிறகு எத்தனை தரம் பவுசர் கொண்டுவந்து உறிஞ்சினாலும் மறுநாளே நிரம்பும். "போன கிழமைதான் எடுத்தோம், திரும்பவும் நிரம்பிட்டுது" என்று சொல்பவர்களின் வருத்தம் பெரும்பாலும் இதுதான். அவர்களுக்குத் தேவை இன்னொரு பவுசர் அல்ல, பெரிய தாங்கியும் புதிய உறிஞ்சு குழியும்.

மலைநாட்டில் இதற்கு மேலும் நான்கு கஷ்டங்கள் உண்டு.

ஒன்று, குளிர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். குளிரில் கழிவைத் தின்னும் கிருமிகள் மெதுவாகத்தான் வேலை செய்யும். கொழும்பில் போதுமான தாங்கி இங்கே போதாது.

இரண்டு, மழை. வட்டவளைப் பகுதி நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். ஊறிப் போன மண் மேலும் தண்ணீரை உறிஞ்சாது.

மூன்று, சரிவு. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி வேண்டும் என்று பீ.எச்.ஐ. சொல்வார். சமதரையில் அது சரி. சரிவான மண்ணில் மேலே விட்ட தண்ணீர் கீழ் வீட்டுக்காரரின் ஊற்றில் வெளியே வரலாம். சரிவில் ஓயாமல் தண்ணீர் ஊறுவது மண்ணையும் பலவீனப்படுத்தும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டில் செய்த அழிவைப் பார்த்த பிறகு, சரிவில் தண்ணீர் விடுவதை யாரும் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது.

நான்காவதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. மலைநாட்டுக் கடைகள் பல, முன்னால் வீதி மட்டத்தில் ஒரு மாடி, பின்னால் பள்ளத்தில் இரண்டு மாடி. குழி பள்ளத்தின் அடியில் இருக்கும். கலி பவுசர் கழிவை உறிஞ்சுவது காற்றின் அழுத்தத்தைக் கொண்டுதான். கடல் மட்டத்தில் எப்பேர்ப்பட்ட பம்பியாலும் தண்ணீரைச் சுமார் 10 மீற்றருக்கு மேல் உறிஞ்சித் தூக்க முடியாது. நுவரெலியா உயரத்தில் காற்று மெலிந்து இருப்பதால் கணக்குப்படியே சுமார் 8 மீற்றர்தான். சேறு கலந்த கழிவென்றால் நடைமுறையில் அதிலும் குறையும். ஆகவே வீதியில் நிற்கும் பவுசருக்கும் குழிக்கும் இடையில் 20 அடிக்கு மேல் இறக்கம் இருந்தால், எவ்வளவு காசு கொடுத்தாலும் வேலை நடக்காமல் போகலாம். கட்ட முன்னரே அளந்து பாருங்கள். பவுசர் எட்டாத இடத்தில் குழி வெட்டினால் பிறகு ஆளை இறக்கித்தான் எடுக்க வேண்டி வரும். அது ஹராமான துணிச்சல் என்றே சொல்வேன். குழிக்குள் இருக்கும் வாயு ஓரிரு மூச்சில் மனிதனை மயக்கிவிடும். ஒருவரைத் தூக்கப் போய் இரண்டாமவரும் மூன்றாமவரும் இறந்த செய்திகள் நமக்குப் புதியவை அல்ல.

பவுசர் எங்கே போகிறது?

குழியிலிருந்து எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதை நாம் கேட்பதில்லை. கடை முன்னால் நாற்றம் போய்விட்டால் போதும் என்று காசைக் கொடுத்துவிடுகிறோம். தனியார் பவுசர் ஓட்டும் ஒரு தம்பியிடம் ஒரு தடவை கேட்டேன், "எங்க தம்பி கொண்டுபோய் ஊத்துவீங்க?" என்று. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பையன். சிரித்துக்கொண்டே, "அத மட்டும் கேக்காதீங்க மொதலாளி" என்றான்.

அவனைக் குறை சொல்லிப் பயன் இல்லை. முறையாகக் கொண்டுபோய்க் கொட்டும் இடம் பக்கத்தில் இருந்தால் அவன் ஏன் இரவில் ஒளிந்து போகப் போகிறான்? நாடு முழுவதற்குமே மலக்கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் சொற்பம். பல இடங்களில் காணியில் குழி வெட்டி ஊற்றி மூடுவதுதான் நடைமுறை. அதுவும் இல்லாவிட்டால் காடு, ஓடை, கைவிட்ட தேயிலை மலை. சில வேளைகளில் மரக்கறித் தோட்டம். பச்சைக் கழிவை லீக்ஸுக்கும் கரட்டுக்கும் போட்டால் புழு முட்டையும் கிருமியும் மரக்கறியோடு சந்தைக்கு வரும். அந்த மரக்கறியை நாமே வாங்கி நம் ஹோட்டலில் சமைக்கிறோம்.

மலைநாட்டில் ஊற்றுவது மலைநாட்டில் நிற்பதில்லை. ஹட்டன் பக்கம் இரண்டு பெரிய கங்கைகளுக்கு நடுவில் உள்ள முகடு. ஒரு பக்கம் விழும் மழை மகாவலிக்குப் போகிறது, மறுபக்கம் விழும் மழை களனிக்குப் போகிறது. கெசல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும், மஸ்கெலி ஓயா மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கும் வருகின்றன. இரண்டும் பிறகு சேர்ந்தால் களனி கங்கை. அந்தக் களனித் தண்ணீரை அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்பு குடிக்கிறது. புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி காலையில் குடிக்கும் தேநீரில் தேயிலை மாத்திரம் நம் ஊருடையது அல்ல, தண்ணீரும் நம் ஊருடையதுதான். யாத்திரை தொடங்கும் ஊரின் பெயரே நல்லதண்ணி. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதா இல்லையா என்பது சீசன் ஆறு மாதமும் அங்கே கடை போடுகிறவர்களின் கையிலும் இருக்கிறது.

மறுபக்கம் நுவரெலியா. ஆளுநர் கிரகரி காலத்தில் 1873இல் அமைத்த கிரகரி வாவியில் போஷணைப் பொருட்கள் கூடிப் பாசி படர்வதை ஆய்வாளர்கள் பல தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். நகரத்தின் கழிவு நீர் அதற்கு ஒரு காரணம். அங்கிருந்து வழியும் தண்ணீர் நானுஓயா, கொத்மலை ஓயா வழியாகக் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகிறது. மகாவலி கம்பளை, பேராதனை, கண்டி எல்லாம் தாண்டிக் கடைசியில் மூதூர் பக்கம் கொட்டியார் குடாவில் கலக்கிறது. வழியில் எத்தனை ஊர், எத்தனை பள்ளிவாசல், எத்தனை பேர் வுழூச் செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சபைகளும் சட்டமும்

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். வேலைதான். மலக்கழிவு அகற்றுவது உள்ளூராட்சி சபைகளின் கடமை. ஆனால் மலைநாட்டில் ஒரு விசேஷமான தடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவு செய்ய முடியாத நிலை முப்பது வருடமாக இருந்தது. வாக்கு மட்டும் கொடுத்தார்கள், சேவை கிடைக்கவில்லை. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரித் தேர்தலோடு நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகின. கொட்டகலை, அக்கரபத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் அப்படிப் பிறந்தவை. சபை சிறிதாகி அருகில் வந்திருக்கிறது. நமது வியாபாரச் சங்கங்கள் அந்தச் சபைகளின் கதவைத் தட்டி இந்த ஒரு விஷயத்தைப் பேச வேண்டும். கடை வரியைக் குறைக்கச் சொல்லிப் போகும் தூதுக்குழுவோடு, மலக்கழிவைக் கொட்டச் சுத்திகரிப்பு இடம் ஒன்றைக் கேட்டும் போகலாம் அல்லவா?

அந்த இடத்துக்குப் பெரிய தொழிற்சாலை வேண்டும் என்பதில்லை. மணலும் சரளையும் போட்ட உலர்த்தும் படுக்கைகள், மழை விழாமல் மேலே கூரை, வடியும் தண்ணீரைச் சுத்தமாக்க ஒரு குளம் அல்லது நாணல் படுக்கை. காய்ந்ததைக் குப்பையோடு சேர்த்துச் சூடாக மக்க வைத்தால் விறகு மரங்களுக்கு எரு. மழை கூடிய ஊரில் கூரை இல்லாவிட்டால் இது நடக்காது என்பதை மாத்திரம் மறந்துவிடக் கூடாது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதியும் வேண்டும்.

வியாபாரிகள் செய்யக் கூடியவை

சபை செய்யும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. நான் பார்த்ததையும் கேட்டதையும் வைத்துச் சில யோசனைகள்.

முதலாவது, மலசலகூடத்தைச் செலவுக் கணக்கில் எழுதாமல் விளம்பரக் கணக்கில் எழுதுங்கள். வேன் சாரதிகள்தான் நமக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறவர்கள். எந்தக் கடையில் பெண்கள் தைரியமாகப் போகக் கூடிய சுத்தமான இடம் இருக்கிறது என்பதைச் சாரதி ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டார்.

இரண்டாவது, வாங்காதவரிடம் கட்டணம் எடுப்பதில் வெட்கம் வேண்டாம். வாங்கியவருக்கு இலவசம், வாங்காதவருக்கு ஒரு சிறு தொகை. ஆளுக்கு 50 ரூபாய் என்று வைத்தால், 1000 பேரில் 300 பேர் கொடுத்தாலும் 15,000 ரூபாய். அது கல்லாப்பெட்டிக்கு அல்ல. தனிப் பெட்டியில் போட்டு, சுத்தம் செய்பவரின் சம்பளம், சவர்க்காரம், தண்ணீர், பவுசர் ஆகியவற்றுக்கு அதிலிருந்தே கொடுங்கள். சுத்தம் செய்பவருக்குக் கையுறையும் சப்பாத்தும் கொடுங்கள், மரியாதையும் கொடுங்கள். கையில் காசு இல்லாமல் வரும் யாத்திரீகரையும் வயதானவரையும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

மூன்றாவது, தனியாக முடியாதவர்கள் கூட்டாகச் செய்யுங்கள். ஒரு பஸாரில் ஐந்து ஹோட்டல் இருந்தால் ஐந்து பேரும் சிறு சிறு குழி வெட்டி ஐந்தும் நிரம்பி ஓடுவதைவிட, பவுசர் வந்து நிற்கக் கூடிய இடத்தில் பெரிய தாங்கியோடு ஒன்றைக் கட்டிப் பங்கு போடுவது இலாபம். தாங்கிக்கு எஸ்.எல்.எஸ். 745 என்ற இலங்கைக் கட்டளை இருக்கிறது. வரைபடம் கீறுகிறவரிடம் அதன்படி கீறச் சொல்லுங்கள். கட்டிய பிறகு அடியில் சேறு மூன்றில் ஒரு பங்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். நிரம்பி வழியும் வரை காத்திருக்க வேண்டாம். சீசனுக்கு முந்திய மாதம் எடுப்பது நல்லது. சீசனுக்குள் பவுசருக்கு வரிசை. பம்பர்ஸும் துவாய்களும் போடத் தனி மூடி வாளி வையுங்கள். பினைல், அசிட் என்று வாளி வாளியாக ஊற்றினால் கழிவைத் தின்னும் கிருமிகளும் சாகும், தாங்கி வெறும் கிடங்காகிவிடும்.

நான்காவது, பவுசர் ஒன்றே ஒரு தொழில். டிசம்பரிலிருந்து மே வரை வேலை குறையாது, மற்ற மாதங்களில் பாடசாலை, ஹோட்டல், வீடு. இரண்டு மூன்று சகோதரர்கள் முஷாரகா அடிப்படையில் சேர்ந்து வாங்கலாம். ஆனால் வாகனத்தின் விலையைக் கேட்க முன்னர், கொட்டும் இடத்தைக் கேளுங்கள். சபையின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் தொடங்கினால், கூலி ஹலாலாக இருந்தாலும் இரவில் ஓடையில் திறந்துவிடும் பாவத்துக்கு நீங்களும் பங்காளியாக வேண்டி வரும். அதில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

பள்ளிவாசல்களுக்கு ஒரு வார்த்தை

மலைநாட்டுப் பஸார்களில் எவரும் கூச்சமில்லாமல் உள்ளே வந்து கேட்கக் கூடிய மலசலகூடம் பல ஊர்களில் பள்ளிவாசலுடையதுதான். ஜும்ஆவுக்கு வந்த பயணிக்கு மாத்திரம் அல்ல, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் சிங்களத் தாய்க்கும் தமிழ்த் தாய்க்கும் நிர்வாகிகள் கதவைத் திறந்துவிடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ். கசப்பான பேச்சுகள் கூடிய காலங்களிலும் அந்தக் கதவு மூடப்படவில்லை.

ஆனால் அந்தக் குழியும் ஜமாஅத்துக்கு என்று அளந்து கட்டியதுதான். ஏப்ரலில் ஊருக்கே திறந்தால் நிரம்பத்தான் செய்யும். பள்ளிக் குழி நிரம்பிப் பஸார் கானில் ஓடினால், திறந்துவிட்ட நன்மையை ஒருவரும் பேச மாட்டார்கள், நாற்றத்தைத்தான் பேசுவார்கள். ஆகவே நிர்வாக சபைகளுக்கு என் வேண்டுகோள், அடுத்த கட்டட நிதியில் மினாராவுக்கு முன்னர் குழியைக் கவனியுங்கள். பயணிகளுக்கு என்று வீதிப் பக்கம் தனி மலசலகூடம், பெண்களுக்கு வேறு வாசல், போதுமான தாங்கி. வசதியுள்ள வியாபாரிகள் தாய் தகப்பன் பெயரில் கிணறு வெட்டிக் கொடுக்கிறார்கள். அதே நிய்யத்தோடு ஒரு மலசலகூடத்தையும் அதன் குழியையும் கட்டி, வருடா வருடம் எடுக்கும் செலவுக்கு ஒரு கடை அறையின் வாடகையை வக்பு செய்து வைத்தால், அதுவும் சதக்கா ஜாரியாதான். பெயர்ப்பலகை மாட்ட அவ்வளவு அழகான இடம் இல்லை என்பது உண்மை. சிரமப்பட்டு வந்த ஒரு தாயின் துஆவுக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை.

சுத்தத்தை ஈமானோடு சேர்த்து வைத்த மார்க்கம் நம்முடையது. அந்தச் சுத்தம் நம் வீட்டு வாசலோடு முடிவதல்ல. நம் குழியிலிருந்து போவது எந்த ஓடைக்குப் போகிறது, அந்த ஓடைத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்பது வரைக்கும் அது நீளும்.

அடுத்த சீசன் தொடங்குவதற்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. இந்தக் கிழமையே உங்கள் கடைக்குப் பின்னால் போய் மூன்று விஷயத்தைப் பாருங்கள். தாங்கி எத்தனை லீற்றர், கடைசியாக எப்போது எடுத்தது, வீதியிலிருந்து எத்தனை அடி பள்ளம். மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கல்லாப்பெட்டிக்குள் வையுங்கள். பிறகு பஸார்ச் சங்கக் கூட்டத்தில் அந்தத் துண்டுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். உங்கள் ஊருக்கு என்ன தேவை என்பது அந்தக் கூட்டத்திலேயே தெரிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.